ரொக்கியாவின் நண்டும் என் புழுவும்

போன மாதம் நான் வேலை பார்த்த லேப்பின் பிள்ளைகள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சிங்கப்பூர் ரேஸ்கோர்ஸ் சாலையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை இப்படிக் கூப்பிடுவார்கள். பிடோக்கிலிருந்து பஸ் பிடித்துப் போய், மூலையில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, மோரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் எனக்கு வியர்த்துக் கொட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இந்தத் தடவை புது மெஷின் வந்திருக்கிறது என்று ஒரே பேச்சு. ஒரு பாட்டில் கடல் தண்ணீரைக் கொடுத்தால் போதுமாம். மீன் உதிர்த்தது, புழு கழித்தது, நண்டு உரித்துப் போட்டது எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கலந்து கிடக்குமாம். அதை வைத்து அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று மெஷின் பேர் பேராகச் சொல்லிவிடுமாம். நித்யா என்று ஒரு பெண், அந்த மெஷினைப் பார்த்துக்கொள்வது அவள்தான், எனக்கு அப்பளத்தை உடைத்துக்காட்டி விளக்கினாள்.

"இனிமே சேறு அள்ள வேணாம் ஆன்ட்டி. சலிக்க வேணாம், கண்ணைக் கெடுத்துக்க வேணாம். முழு கடலும் பாட்டில்ல வந்துரும்."

எனக்கு ஒரு சந்தேகம். அவள் இலைக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தண்ணி எங்கம்மா மொண்டீங்க?" என்றேன்.

"ஜெட்டியிலதான், படகு கட்டுற எடத்துல."

"எல்லா பாட்டிலுமா?"

"ஆமா லா. அங்கதான் பார்க்கிங் இருக்கு."

எனக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது. இருமலா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பிள்ளை முதுகைத் தட்டியது, ஒரு பிள்ளை தண்ணீர் கொடுத்தது, கடைக்காரர் எட்டிப் பார்த்தார். என்ன, என்ன என்று எல்லோரும் என் முகத்தையே பார்க்க, எனக்குக் கை கால் ஓடவில்லை. வாயால் சொல்ல வராது, எழுதித் தருகிறேன் என்றேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்த தமிழ்தான். நித்யா இங்கிலீஷில் மாற்றிக்கொள்வாளாம். மாற்றம்மா. ஆனால் கழிப்பறை வருகிற இடங்களை நாகரிகம் பார்த்து வெட்டிவிடாதே. அதுதான் முக்கியம்.

அந்த லேப்புக்குள் நான் முதலில் போனது துடைப்பத்தோடு. அப்புறம் கண்ணாடி கழுவினேன். அப்புறம் ஒருநாள் ஆள் வரவில்லை என்று தட்டு முன்னால் உட்கார வைத்தார்கள். அதோடு எழுந்திருக்கவே இல்லை, தலை நரைக்கிற வரைக்கும். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். சான்றிதழ் எதுவும் கொடுக்கவில்லை, இடுப்பு வலிதான் கொடுத்தார்கள்.

வேலை என்னவென்றால், கடலின் அடியில் உள்ள சேற்றில் குடியிருப்பவர்களைப் பொறுக்குவது. படகிலிருந்து கிராப் என்று ஒன்றை இறக்குவார்கள். இரண்டு இரும்புத் தாடை, தரையைத் தொட்டதும் மூடிக்கொண்டு ஒரு வாய் சேற்றை அள்ளி வரும். அதைச் சல்லடையில் கொட்டிக் கடல் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் புழு அறுந்து இரண்டாகும், அப்புறம் ஒரு புழுவை இரண்டு புழுவாக எண்ணிவிட்டுப் பெரிய கட்டுரை எழுதுவார்கள். சலித்து மிஞ்சியதில் மருந்து ஊற்றி, ரோஸ் நிறச் சாயம் போடுவோம். உயிராக இருந்தது ரோஸ் ஆகும், மண்ணும் ஓடும் ஆகாது என்று பேர். உண்மையில் மக்கிய இலை, தேங்காய் நார், ஒருதடவை யாரோ தலைமுடி, எல்லாமே ரோஸாகி நிற்கும். அதையெல்லாம் கட்டம் போட்ட வெள்ளைத் தட்டில் பரப்பி, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம் என்று இடுக்கியால் பொறுக்க வேண்டும். பொறுக்கியதைக் குப்பியில் போட்டு, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் பென்சிலில்தான் எழுதணும். பேனா மை மருந்தில் கரைந்துவிடும்.

எங்கள் தலைவி மேடம் சியா. ஒல்லி, என் தோள் உயரம்தான் இருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு டப்பாவில் பப்பாளித் துண்டு வைத்துக்கொண்டு, லேப்பில் சாப்பிடக்கூடாது என்கிற அறிவிப்புக்கு நேர் கீழே நின்று சாப்பிடுவார். மாணவர்கள் ஏதாவது பெரிதாகக் கண்டுபிடித்தேன் என்று ஓடி வந்தால், மேடம் ஒரு துண்டு பப்பாளியை மென்று முடிக்கிற வரைக்கும் பதில் சொல்ல மாட்டார். அந்த நேரத்துக்குள் பாதிப் பேர் தாங்களாகவே "இல்ல, இன்னொரு தடவை பார்த்துட்டு வரேன்" என்று போய்விடுவார்கள். மீதிப் பேரிடம் ஒரு கேள்வி கேட்பார். "பார்த்தது யாரு?" அவ்வளவுதான்.

அவர் வைத்திருந்த சட்டங்களில் இரண்டு எங்களுக்கு எரிச்சல். ஒன்று, தட்டில் ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் குப்பியும் சீட்டும் வைக்க வேண்டும். காலிக் குப்பிக்கு மூடி போட்டு, 'தேடியது, கிடைக்கவில்லை' என்று எழுதி அடுக்கணும். இன்னொன்று, பொறுக்கி முடித்த மிச்சக் குப்பையை வீசக்கூடாது. அதை டப்பாக்களில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தோம். அந்த வாடைக்குப் பயந்து மாடியில் இருந்த கணக்குத் துறைக்காரர்கள் எல்லாம் லிஃப்டில்தான் போவார்கள். பாதுகாப்பு அதிகாரி மாதம் ஒரு கடிதம் எழுதுவார். மேடம் மாதம் ஒரு தடவை அவருக்குப் பப்பாளி கொடுப்பார்.

இப்போது கழிப்பறை.

எங்கள் படகில் அது கிடையாது. படகுக்காரர் ஆ செங்குக்குக் கவலை இல்லை, கடல் முழுவதும் அவருக்குச் சொந்தம். ஆனால் லேப்பில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். தெற்கே ஒரு சின்னத் தீவில் மட்டும் நல்ல கழிப்பறை இருந்தது, தண்ணீர் வரும், தாழ்ப்பாள் போடலாம். அதனால் காலையில் எந்தத் திட்டம் போட்டுக் கிளம்பினாலும் மத்தியானத்துக்குள் படகு எப்படியோ அந்தத் தீவின் பக்கம் வந்து நிற்கும். நின்ற இடத்தில் சும்மா நிற்பானேன் என்று கிராப்பை இறக்குவார்கள். இப்படியே வருஷக்கணக்கில் இறக்கி, மேடம் அறைச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் அந்தத் தீவைச் சுற்றி மட்டும் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு இறக்கம். எத்தனை தடவை தேடுகிறோமோ அத்தனை புதுசு கிடைக்கும், இல்லையா? எங்கள் கணக்குப்படி சிங்கப்பூர்க் கடலில் உயிரினங்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில்தான் சந்தோஷமாகப் பெருகின.

கப்பல் போகிற வழியில் போகக்கூடாது, அங்கே புள்ளி இல்லை. ராணுவத்தார் சுட்டுப் பழகுகிற பக்கம் போகக்கூடாது, அங்கேயும் இல்லை. அடியில் கல் இருந்தால் கிராப்பின் தாடை மூடாது, சேறு வழிந்து வெறும் வாயோடு வரும், ஆ செங் மலாயில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் படகைத் திருப்பிவிடுவார். அங்கேயும் இல்லை. ஒரு தடவை எங்கேயோ கடலைத் தோண்டப் போகிறோம் என்று கம்பெனி ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். ஒருவர் வரைபடத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்து, "இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லதானே?" என்று சந்தோஷமாகக் கேட்டார். மேடம் பப்பாளியை மென்றார். பிறகு, "எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. கடல்கிட்ட இருக்கலாம்" என்றார். அவர்கள் போன பிறகு மேடம் பென்சிலை எடுத்து, யாருமே போகாத இடங்களையெல்லாம் சாய்கோடு போட்டு அடைத்தார். வெள்ளையாக விட்டால் காலி என்று நினைக்கிறார்கள், அழுக்காக்கிவிட்டால் கேட்பார்கள் என்றார்.

இந்த அளவுக்கு விவரமான லேப்பில்தான் அந்தக் கூத்து நடந்தது.

எஸ்தர் தூத்துக்குடிப் பெண். உதவித்தொகையில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்திருந்தாள். சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு மேலே அறை. என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான், மற்றவர்களுக்கெல்லாம் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே ஆன்ட்டி. அவளுடைய ஆராய்ச்சி, நம்முடைய கடலின் கிழக்கிலும் மேற்கிலும் சேற்றில் என்னென்ன வாழ்கிறது என்பது. வருஷக்கணக்கில் சேறு அள்ளிக் கொண்டுவந்தாள், நாங்கள் பொறுக்கினோம். கிடைத்தது அருமையான முடிவு. கிழக்குக் கடல் புழுக் கடல். மேற்குக் கடல் நண்டுக் கடல். நண்டு என்றால் சட்டியில் போடுகிற நண்டு இல்லை, எள் அளவு, அரிசி அளவு கால் முளைத்த ஜாதிகள். ஏன் இப்படி என்பதற்கு ஆற்றுத் தண்ணீர், நீரோட்டம், சேற்றின் பருமன் என்று எஸ்தர் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். கிழக்குக்குச் சிவப்பு, மேற்குக்கு நீலம் என்று படம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தாள். எனக்கே அதைப் பார்த்தால் பெருமையாக இருக்கும்.

உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிகிறது. அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட மாட்டோம் என்று ஆபீஸில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். தீசிஸைக் கொடுத்துப் பட்டம் வாங்க வேண்டும், இல்லையென்றால் வெறுங்கையோடு ஊருக்கு விமானம் ஏற வேண்டும். இதற்கு நடுவில் அவள் அம்மா சர்ச்சில் எல்லோருக்கும் இனிப்பே கொடுத்துவிட்டாராம். "ஃபாதர் இப்பவே என்னை டாக்டரம்மான்னு கூப்பிடுறாருக்கா. போன்ல விசாரிக்கிறவங்க எல்லாம் முழங்கால் வலிக்கு மருந்து கேக்கறாங்க" என்பாள்.

பொறுக்குவதற்கு நாங்கள் இரண்டு பேர், நானும் ரொக்கியாவும். ரொக்கியா மலாய்க்காரி, என் வயசுதான். நான் பேசாததற்கும் சேர்த்து அவள் பேசுவாள். இரண்டு பேரும் பேசுவது பசார் மலாய், கடைத்தெரு மலாய், அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவள் நாற்காலி ஜன்னல் பக்கம், என்னுடையது கதவுப் பக்கம். வாளிகள் கனமானவை. ஆ செங் கிழக்கு வாளிகளைக் கதவோரமும் மேற்கு வாளிகளை ஜன்னலோரமும் இறக்கி வைப்பார். யாராவது எழுந்து அந்தக் கோடிக்குப் போய் வாளி தூக்கி வருவார்களா? அவரவர் காலடியில் இருந்ததை அவரவர் எடுத்தோம். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நாற்காலி போட்டிருந்த விதம் அப்படி.

ரொக்கியாவுக்கு நண்டு உயிர். காலைக் கண்டால் போதும், எவ்வளவு பொடிசாக இருந்தாலும் இடுக்கி தானாகப் போகும். "பாரு, பாரு, எவ்வளவு அழகு, என் மாமியாருக்கு இருந்த கால் மாதிரியே" என்று ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டுவாள். புழுவென்றால் அவளுக்குக் குமட்டும். பெரியதை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு எடுப்பாள். நூல் மாதிரி இருப்பது அவள் கண்ணுக்கு நூல்தான். எனக்கு நேர் மாறு. நூலில் பாதி புழுவென்று எனக்குப் பட்டுவிடும், அது நெளிந்து கிடக்கிற தினுசே வேறு. ஆனால் பொடி நண்டுகள் எனக்கு உடைந்த ஓடு மாதிரிதான் தெரியும். இதெல்லாம் இப்போது எழுதுகிறேன். அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. இரண்டு பேரும் தட்டைச் சுத்தமாகத் துடைத்த மாதிரி பொறுக்கிவிட்டோம் என்றுதான் நிமிர்வோம்.

ரொக்கியாவின் மகளுக்கு ஜோகூரில் பிரசவம். விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். மேற்கு வாளிகள் கேட்பாரற்று நின்றன. சரி என்று நான் ரொக்கியா நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அதில் மெத்தை இருந்தது, என்னுடையதில் கிடையாது. வந்த காரணம் அதுவும்தான்.

எடுத்தால், புழு. அடுத்த தட்டிலும் புழு. குப்பிகள் நிறைந்துகொண்டே போயின. எஸ்தர் வந்து பார்த்தாள். முகம் பளிச்சென்று ஆனது.

"அக்கா, இது மேற்கா? மேற்குல இத்தனை புழுவா? இந்த மழைதான், மழைத் தண்ணி கிழக்குலேருந்து தள்ளிக்கிட்டு வந்திருக்கு. மேடம், மேடம், வந்து பாருங்க."

சுவரில் இருந்த படத்தில் சிவப்பிலிருந்து நீலத்துக்கு ஒரு அம்பு போட்டுவிட்டாள். மேடம் டப்பாவோடு வந்தார். குப்பிகளைப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என்னை என்றால் என் முகத்தை இல்லை, நான் உட்கார்ந்திருந்த மெத்தையை. ரொம்ப நேரம் மென்றார்.

"பார்த்தது யாரு?"

"பாக்யம் அக்கா" என்றாள் எஸ்தர்.

"இதுக்கு முன்னாடி மேற்கைப் பார்த்தது யாரு?"

"ரொக்கியா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

எஸ்தர் போய் அம்பின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு மெத்தை சுட்டது. எழுந்திருக்கவும் பயம், உட்கார்ந்திருக்கவும் பயம்.

"மழை போன மாசமும் பெஞ்சுது" என்றார் மேடம், மெதுவாக. "மாறினது நாற்காலிதான்."

எஸ்தர் அம்பிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். "மேடம், தீசிஸ் கொடுக்க நாள் வந்தாச்சு. இந்த வாளிங்களை விட்டுடலாமே. பழைய கணக்கு மட்டும் போதுமே. யாருக்கும் தெரியாது."

"பாக்யத்துக்குத் தெரியும்" என்றார் மேடம்.

எனக்கும் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. வழக்கம்போல வெளியே வரவில்லை.

சாயங்காலம் எஸ்தர் மாடிப்படியில், அந்த நாற்றத்துக்கு நடுவில், உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லத் தெரியாது, அதனால் சும்மா உட்கார்ந்தேன். அவளே பேசினாள்.

"அக்கா, என் ரூம் ஜன்னலைத் திறந்தா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என்ன தெரியும்? ரோடு நெறைய ஆம்பளைங்க. கப்பல் பட்டறை ஆளுங்க, கட்டட வேலை ஆளுங்க, நம்ம ஊருப் பக்கத்துப் பையங்க எல்லாம் லீவுல வந்து நிப்பாங்க. நான் அன்னைக்கு மட்டும் ஜன்னலைத் திறந்து எண்ணிட்டு, சிங்கப்பூர்ல பொம்பளைங்களே கிடையாதுன்னு நாலு வருஷமா தீசிஸ் எழுதியிருக்கேன். போதாததுக்கு, ஏன் கிடையாதுன்னு ஆத்துத் தண்ணிய வச்சு விளக்கம் வேற."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பே வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன். காலில் ஏதோ இடித்தது. பார்த்தால் மிச்சக் குப்பை டப்பா. படிக்குக் கீழே முழுக்க அடுக்கியிருந்தது, கிழக்கும் மேற்கும், ஆதியிலிருந்து. எஸ்தரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்தாள்.

"மேடம் வீட்டுக்குப் போயிட்டாங்களா?" என்றாள்.

மறுநாள் மேடம் வேலையைப் பிரித்துச் சொன்னார். என் மிச்சத்தை ரொக்கியா தேட வேண்டும், ரொக்கியாவின் மிச்சத்தை நான். ரொக்கியாவுக்கு ஜோகூருக்கு போன் போனது. பேரப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"என் நாற்காலியில உட்கார்ந்தது பத்தாதுன்னு, என்னைப் பத்தி மேடம்கிட்ட வேற சொல்லிட்டியா?"

"நான் எங்க சொன்னேன். நான் வாயே திறக்கல."

"அது சரி, நீ என்னைக்குத் திறந்திருக்கே." மெத்தையை எடுத்துத் தட்டினாள், நான் ஏதோ தொற்று நோய்க்காரி மாதிரி. "நான் புழுவை விட்டுட்டேனாம். இத்தனை வருஷம் பொறுக்கினவ. அந்தப் புழுவெல்லாம் உன் சொந்தக்காரங்களா, உனக்கு மட்டும் கை காட்டுதா?"

நான் அவளுடைய டப்பாவைத் திறந்து தட்டில் கொட்டினேன். முதல் கட்டத்திலேயே மூன்று. எடுத்து அவள் பக்கம் வைத்தேன். ரொக்கியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பிறகு மறுபடி துடைத்தாள்.

"நூல்" என்றாள்.

"நூலுக்கு வாய் இருக்குமா?"

போய் என் டப்பாவைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் டிங் என்று ஒரு சத்தம். இடுக்கியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தட்டினாள், எனக்குக் கேட்கட்டும் என்று. பிறகு இன்னொரு டிங். டிங், டிங். ஒவ்வொன்றும் நான் ஓடு என்று நினைத்து விட்டுப்போன நண்டு.

"பாக்யம்," என்றாள் தேன் மாதிரி, "இதுக்குக் கால் இருக்கு. ஓட்டுக்குக் கால் இருக்குமா?"

அதற்குப் பிறகு நானும் தட்ட ஆரம்பித்தேன். எங்கள் லேப்பைத் தாண்டிப் போனவர்கள், உள்ளே ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். வாரக்கணக்கில் இப்படியே போனது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பேச மாட்டோம், ஆனால் அவள் கொண்டுவந்த ரெண்டாங் கறியில் பாதி வழக்கம்போல என் தட்டுக்கு வந்துவிடும். நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாய் அவள் பக்கம் போகும். சண்டை சண்டைதான், அதற்காக ஊறுகாயை நிறுத்த முடியுமா? பாதுகாப்பு அதிகாரி ஒருநாள் வந்து, டப்பாக்கள் குறைகின்றனவே என்று சந்தோஷப்பட்டார். தேடி முடித்ததைத் திரும்பவும் டப்பாவில் போடுவோம் என்று மேடம் சொன்னதும் அவருக்கு நாற்காலி போட வேண்டியதாகிவிட்டது.

எல்லாம் முடிந்து எஸ்தர் கூட்டிப் பார்த்தாள். கிழக்கும் மேற்கும் ஏறக்குறைய ஒன்று. புழுக் கடலும் இல்லை, நண்டுக் கடலும் இல்லை. கதவுப் பக்கம், ஜன்னல் பக்கம், அவ்வளவுதான் இருந்தது. ஆற்றுத் தண்ணீருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எஸ்தர் சுவரிலிருந்து சிவப்பு நீலப் படத்தைக் கழற்றிச் சுருட்டினாள். மூலையில் ஒட்டியிருந்த டேப் வராமல் பிடித்துக்கொண்டது, அதைக் கிழித்தாள்.

மேடம், "நடந்ததை எழுது" என்றார்.

"எழுதினா ஃபெயில் போடுவாங்க மேடம். நாலு வருஷம் சேறு அள்ளிட்டு, ஒண்ணும் தெரியலன்னு எழுதவா?"

"எது தெரியலன்னு இப்ப உனக்குத் தெரியும். அதை எழுது."

எழுதினாள். ஒவ்வொரு குப்பிக்கும் பக்கத்தில் பொறுக்கியவர் யார் என்று போட்டாள். ரொக்கியாவுக்கு ஒரு எழுத்து, எனக்கு ஒரு எழுத்து. புது வரைபடத்தில் உயிரினங்களை மட்டும் காட்டாமல், நாங்கள் எங்கே எத்தனை தடவை போனோம் என்பதையும் காட்டினாள். கழிப்பறைத் தீவைச் சுற்றி ஒரே கருப்பு. கப்பல் வழியும் கல் தரையும் மேடம் போட்ட அதே சாய்கோடு. கடைசி நாளுக்கு முந்தின நாள் கொடுத்தாள். பரீட்சைக்குக் காத்திருந்த நாட்களில் அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள், கழுவுகிற தொட்டியில் குழாயைத் திறந்துவிடுவாள், மணி கேட்காமல் இருக்க.

நேர்முகப் பரீட்சைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். தாடி, நல்ல உயரம், சிப்பி நத்தைகளில் பெரிய ஆள் என்று சொன்னார்கள். நானும் ரொக்கியாவும் வராந்தாவில் நின்றோம். கதவு திறந்தது. பரீட்சை முடியவில்லை, எஸ்தர் வெளியே வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அவர் நம்பல. ஒரே பயிற்சி எடுத்த ரெண்டு பேரு, கவனமா வேலை செய்யறவங்க, ஒரே சேத்துல எப்படி இவ்வளவு வித்தியாசம் வரும்னு கேக்கறாரு. நான் கணக்கு தப்பா போட்டுட்டேன்னு நெனைக்கிறாரு. உங்களைப் பார்க்கணுமாம்."

நான் குளிர் அறையைப் பார்த்து நடந்தேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதுதான் யோசனை. ரொக்கியா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறே? அந்தப் பொண்ணு ஊருக்குப் போனா அவ அம்மா குடுத்த இனிப்பை நீ போய்த் திருப்பி வாங்குவியா? வா."

லேப்பில் மேடம் ஒரு புதுத் தட்டைப் பரப்பி வைத்திருந்தார். ஒருவர் பொறுக்கும்போது மற்றவர்கள் பார்க்கக்கூடாது. எண்ணிய பிறகு எடுத்ததையெல்லாம் திரும்பத் தட்டிலேயே கலந்துவிட வேண்டும். நான் முதலில். தாடிக்காரர் கதவுக்கு வெளியே நிற்கிறார் என்ற நினைப்பில் ஒரே கட்டத்தை இரண்டு தடவை பார்த்தேன். ஆனால் முதல் புழு கண்ணில் பட்டதும் அவரை மறந்துவிட்டேன். முடித்தேன். அடுத்து ரொக்கியா, டிங் டிங் என்று. எஸ்தர் இரண்டு கணக்கையும் பலகையில் எழுதினாள். என் பக்கம் புழுக் கூட்டம். அவள் பக்கம் நண்டுக் கூட்டம்.

தாடிக்காரர் பலகையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். "நான் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு, கோட்டைக் கழற்றி ரொக்கியாவின் மெத்தையில் உட்கார்ந்தார். கால் மேசைக்குள் நுழையவில்லை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டார். ரொம்பப் பொறுமையாகத் தேடினார். அவர் எழுந்தபோது கிண்ணத்தில் ஒரு சின்னக் குவியல். எல்லாம் நத்தை. கடுகில் பாதி அளவு நத்தை. அந்தத் தட்டில் நத்தை இருந்ததே எனக்கும் தெரியாது, ரொக்கியாவுக்கும் தெரியாது. மண் என்று தள்ளியிருக்கிறோம், இத்தனை வருஷமும்.

ஆனால் தட்டின் நடுவில், என் விரல் நீளத்துக்கு ஒரு புழு, பளீரென்று ரோஸ் நிறத்தில், அவர் மூக்குக்கு நேரே கிடந்தது. அதை அவர் எடுக்கவில்லை. ரொக்கியா அதை இடுக்கியால் தூக்கி, அவருக்கு முன்னால் ஆட்டிக்காட்டினாள்.

"சார், இது நூலா?"

அவருக்கு மலாய் தெரியாது. ஆனால் புழுவைப் பார்த்தார், தன் கிண்ணத்தைப் பார்த்தார். தாடி குலுங்கியது. அவர் சிரிக்க, மேடம் சிரிக்க, மேடம் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், பல் ரொம்பச் சின்னது. எஸ்தர் மட்டும் சிரிக்காமல் பலகை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கோட்டை மாட்டிக்கொண்டே அவளிடம், இந்தப் பகுதியைத் தீசிஸின் கடைசியில் வைத்திருக்கிறாய், முதலில் வை, அதை மட்டும் திருத்திக் கொடு என்றார். அப்புறம் கையை நீட்டி, டாக்டர் என்று கூப்பிட்டார்.

எஸ்தர் அம்மாவுக்கு போன் போட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவள், "இல்லம்மா, முழங்காலுக்கு எனக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

நான் தட்டைக் கழுவ எடுத்தேன். எஸ்தர் போனை வைத்துவிட்டு வந்து அதை வாங்கிக்கொண்டாள். தட்டில் இருந்ததை ஒரு டப்பாவில் வழித்து ஊற்றி, பென்சில் எடுத்துச் சீட்டு எழுதினாள். வழக்கமாக அந்தச் சீட்டில், முடிந்தது என்று எழுதுவோம். அவள், 'மூன்று பேர் பார்த்தது' என்று எழுதி உள்ளே போட்டாள். மேடம் படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். டப்பா படிக்குக் கீழே போனது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன், கணக்குத் துறைக்காரர்கள் இன்னும் லிஃப்டில்தான் போகிறார்களாம்.

இதுவரைக்கும் எழுதியதை நித்யாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு இராத்திரியே போன் செய்தாள்.

"ஆன்ட்டி, இது மெஷின். அதுக்குப் புழு பிடிக்கும், நண்டு பிடிக்கும்னெல்லாம் கிடையாது லா."

"சரிம்மா. மெஷினுக்கு ஒரு குறையும் இல்ல. அதை நான் எதுவும் சொல்லல. தண்ணி மொள்ளப் போறது நீதானே?"

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஓகே. அடுத்த வாரம் படகு கேட்டிருக்கேன். எங்க போகட்டும்?"

எனக்கு என்ன தெரியும், எந்தக் கடலில் என்ன இருக்கிறதென்று. தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"கழிப்பறை இல்லாத பக்கமாப் பார்த்துப் போம்மா. காலையில தண்ணி கொஞ்சமாக் குடிச்சுட்டுப் போ."